வேலிக் கட்டையில் ஒரு போத்தல்

செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் குசினியின் பின்கதவு சாத்தப்படும். சாத்துகிறவர் என் மச்சாள், அண்ணரின் மனைவி. அதற்கு ஐந்து நிமிடம் முன்னர் ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் நிறைத்து, பக்கத்து வேலியின் மூலைக் கட்டையில் வைத்துவிட்டு வருவார். முதலில் கதவு, பிறகு யன்னல், பிறகு யன்னல் சீலை. தெருமுனையில் லொறி கியர் மாற்றுவது கேட்கும். நாங்கள் மூவரும் தேநீர்க் கோப்பைகளைக் கையில் வைத்தபடி, பூட்ஸ் கால்கள் சேற்றில் அமிழ்ந்து வருவதையும், வளவின் பின்மூலையில் தகர வாளி ஒன்று எடுபட்டு வேறொன்று வைக்கப்படுவதையும், மூடி இறுகுவதையும், வளவுத் தண்ணீர்க் குழாய் திறந்து மூடுவதையும் கேட்டுக்கொண்டிருப்போம். லொறி அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகுதான் மச்சாள் கதவைத் திறப்பார். போத்தல் வெறுமையாய் இருக்கும். அந்த வீட்டில் நான் இருந்த முதல் இரண்டு வருடங்களில், கிழமை தவறாமல் எங்களிடம் வந்துபோன அந்த மனிதரின் முகத்தை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. நாங்கள் அவரை வாளிக்காரர் என்றோம்.

இது எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னின் மேற்கு விளிம்பில் நடந்தது. வெரிபீக்குப் போகும் ரயில் பாதைக்கு வடக்கே, கருங்கல் துருத்திக்கொண்டு நிற்கும் புல்வெளியின் நடுவில் எங்கள் தெரு இருந்தது. அந்தப் பகுதி நகரத்தைச் சேர்ந்ததல்ல. ஷயர் என்று அங்கே சொல்லப்படும் நாட்டுப்புறச் சபை ஒன்றுக்கு உட்பட்டது. பதினான்கு வீடுகள். மின்சாரம் இருந்தது, குழாய்த் தண்ணீர் இருந்தது. தார் வீதி இல்லை, நடைபாதை இல்லை, கழிவுநீர்க் குழாய் இல்லை. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வீட்டுக்கு முன்னால் இருந்த திறந்த கானில் போய் விழுந்து, போக வழியில்லாமல் பச்சை பிடித்து நிற்கும். வளவின் பின்மூலையில் தகரக் கூரை போட்ட வாளிக் கக்கூஸ். அண்ணர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க வந்தவர். அவர் அதை முதன்முதல் பார்த்துவிட்டுச் சொன்னதை மச்சாள் அடிக்கடி சொல்லிக் காட்டுவார்: "யாழ்ப்பாணத்தில விட்டிட்டு வந்தது, எங்களுக்கு முன்னமே கப்பலேறி இஞ்ச வந்து நிக்குது."

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அண்ணர் கூப்பிட்டு வந்து, அந்த ஷயர் சபையின் எஞ்சினியர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்திருந்தேன். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை மணிக்கு எது நடந்தது, யார் என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதிவிடுவேன். இங்கே நான் தருபவை அவற்றிலிருந்து எடுத்தவையே. வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னவை மட்டும், எழுதும்போதே எங்கள் பேச்சுக்கு மாறிவிட்டன. அவற்றை அப்படியே விடுகிறேன்.

போத்தலின் கதையை முதலில் சொல்லவேண்டும். நான் வந்த முதல் கோடையில், பெப்ரவரி மாதத்து வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை, லொறி பிந்தி வந்திருக்கிறது. நானும் அண்ணரும் வேலைக்குப் போய்விட்டோம். வாளிக்காரர் வேலியைத் தட்டி, ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். மச்சாள் குசினியில் சுற்றிப் பார்த்து, எறிவதற்கு வைத்திருந்த ஜாம் போத்தலை எடுத்து நிறைத்து, கையில் கொடுக்காமல் கட்டையில் வைத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாராம். நான் பின்னேரம் வந்து போத்தலை உள்ளே எடுக்கப் போனபோது மச்சாள் தடுத்தார்.

"அதைத் தொடாதை பிள்ளை. அது அதிலயே இருக்கட்டும். அவருக்கெண்டு."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் யாழ்ப்பாண நகரத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை இருக்கும். வாளி எடுக்கும் ஆட்கள் அந்த ஒழுங்கையால் வந்து அந்த ஒழுங்கையாலேயே போவார்கள். தாகம் என்று கேட்டால், அவர்களுக்கென்று வேலியில் செருகி வைத்த சிரட்டையிலோ போத்தலிலோ எட்டி நின்று ஊற்றுவோம். அந்தப் போத்தல் ஒருநாளும் வீட்டுக்குள் வராது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கை பழகியது. கடல் தாண்டி வந்த பிறகும் மச்சாளின் கை அதையே செய்தது. எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அடுத்த செவ்வாய் முதல் அவர் கேட்காமலே போத்தல் நிறைந்திருந்தது. அதை மச்சாள் இரக்கம் என்றுதான் நினைத்தார். இரக்கமும் அதில் இருந்தது, அதுவும் உண்மை.

அடுத்த வருடம் அண்ணருக்கு மகன் பிறந்தான், என் மருமகன். தவழத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வந்தது. ஒரு வயதுக்குள் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். இரண்டாவது தடவை, காலில் நரம்பு தேடி மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் ஊசி ஏறியது. டொக்டர் எங்கள் தெருவின் பெயரைக் கேட்டுவிட்டு, வேறு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு முன்னால் நிற்கும் கான் தண்ணீர்தான் காரணம், பிள்ளையைத் தூக்குமுன் சவர்க்காரம் போட்டு இருபது எண்ணும்வரை கை கழுவுங்கள், ஆனால் கான் இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும் என்றார். இப்படியான பிள்ளைகள் மூன்றாம் தடவை தாங்குவார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். மச்சாள் அன்று வீட்டுக்கு வந்து முன்கதவையும் சாத்தினார். அதன் பிறகு பிள்ளை முற்றத்தில் இறங்கவே இல்லை.

அண்ணர் ஷயருக்கு மூன்று மனுக்கள் எழுதினார். ஒவ்வொன்றும் இலக்கணப் பிழையில்லாத, நீளமான ஆங்கிலம். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும். அந்தப் பதில்களைத் தட்டெழுதியவள் நான்தான்.

அரசாங்கம் புறநகர்களுக்குக் கழிவுநீர்க் குழாய் போடத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் ஷயரிலும் எந்தத் தெருவுக்கு முதலில், எதற்குப் பிறகு என்று பட்டியல் தயாரானது. நூறு அடிக் குழாய் போட்டால் எத்தனை பேர் பயனடைவார்கள் என்பதை வைத்து வரிசை. ஒரு புதன்கிழமை அந்தப் பட்டியலைத் தட்டெழுதும்போது எங்கள் தெரு மூன்றாம் கட்டத்தில் இருப்பதைக் கண்டேன். மூன்றாம் கட்டம் என்றால் ஏழெட்டு வருடம். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருவில் நான்கு சதுரங்கள் மட்டும் வரைந்திருந்தது. நிலம் பிரித்து விற்ற காலத்து வரைபடத்தை அப்படியே பிரதி செய்திருக்கிறார்கள். பிறகு எழும்பிய பத்து வீடுகள் அதில் ஏறவே இல்லை.

எங்கள் எஞ்சினியர் நேர்மையானவர், மெதுவானவர், எல்லாவற்றையும் பென்சிலால் தட்டித் தட்டி யோசிப்பவர். அன்று பின்னேரம் தெருவில் வீடு வீடாக எண்ணி, மறுநாள் அவரிடம் பதினான்கு வீடு, அறுபத்துமூன்று பேர் என்றேன்.

"ஆர் எண்ணினது?"

"நான்தான்."

"நீர் எங்க இருக்கிறீர்?"

"அந்தத் தெருவில."

பென்சில் இரண்டு தட்டுத் தட்டியது. "சபையில சிரிப்பினம். ஒவ்வொரு தெருவிலயும் தங்கட ஆக்களைக் கூட்டித்தான் எண்ணிக் காட்டுவினம். இதால லாபம் இல்லாத ஒரு ஆளை வாற கிழமை வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவாரும். வந்து சொன்னால் வரைபடத்தை நானே மாத்துறன்."

எங்கள் தெருவுக்குள் எங்களைத் தவிர யார் வருவார்கள்? தபால்காரர் முனையிலிருந்த பெட்டிகளோடு நின்றுவிடுவார். பால்காரர் சேற்றுக்குப் பயந்து உள்ளே வருவதில்லை. பதினான்கு வீட்டு வளவுக்குள்ளும் கிழமைக்கு ஒருமுறை கால் வைக்கும் ஒரே மனிதர் வாளிக்காரர். குழாய் வந்தால் அவருக்கு லாபம் இல்லை என்பது மட்டுமல்ல, அந்தத் தெருவில் அவருடைய வேலையே இல்லாமல் போகும். எஞ்சினியர் கேட்ட சாட்சி அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தன் வேலையைத் தானே வெட்டிக்கொள்ள அவர் வருவாரா என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் ஆறே முக்காலுக்கு, மச்சாள் கதவைச் சாத்துமுன் நான் கொப்பியோடு வெளியே போனேன். அண்ணர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க போறாய்?" என்று அவர் கேட்டது பின்னால் கேட்டது.

வாளிக்காரருக்கு ஐம்பது வயது மதிக்கலாம். குள்ளமான, அகன்ற மனிதர். இடது தோளில் தோல் பட்டை. தாடை சுத்தமாக மழித்திருந்தது. என்னைக் கண்டதும் வாளியோடு இரண்டு அடி பின்னால் போனார்.

"காத்துக்கு அந்தப் பக்கம் நில்லும், லவ். உமக்கு நல்லது."

நான் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். அவருடைய வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவர் வாளியை இறக்கவில்லை. தோளில் சுமந்தபடியே கேட்டார்.

"எத்தினை பேர் எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்?"

"அறுபத்துமூன்று."

"எழுபத்தொண்டு."

"இல்லை, நான் வீடு வீடா எண்ணினனான்."

"நீர் முன்பக்கத்தால எண்ணினீர். நான் பின்பக்கத்தால எண்ணுறன். ஒரு வீட்டில அஞ்சு பேர் எண்டு சொல்லுவினம். வாளியின்ர பாரம் எட்டு எண்டு சொல்லும். வாடகைக்கு ஆள் வைச்சிருக்கிற வீடுகள். எந்த வீடு எண்டு மட்டும் கேக்காதையும், சொல்லமாட்டன்." தோள் பட்டையைச் சரிசெய்தார். "வியாழன் எத்தினை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

"தேநீர் குடுப்பினமோ?"

"பிஸ்கட்டும் இருக்கும்," என்றேன்.

உள்ளே வந்தபோது அண்ணருக்கும் எனக்கும் சிறு சண்டை. "உன்னை என்னெண்டு கூப்பிட்டவன்?" என்றார். லவ் என்று சொன்னேன். "இஞ்ச பஸ் ஓட்டுறவனும் அப்பிடித்தான் கூப்பிடுறான். அவனோட நீங்கள் கோவிக்கிறேல்லையே?" என்று மச்சாள் குறுக்கிட்டார். பிறகு என்னிடம், "வருவாராமோ?" என்று மட்டும் கேட்டார். வருவார் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஷயர் மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒன்பது வீட்டார். மச்சாள் சேலைக்கு மேல் அண்ணரின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். வாளிக்காரர் மண்ணிறச் சூட்டும் கழுத்தில் ரையும் அணிந்து, தலைமயிரைப் படிய வாரி, கடைசி வரிசையில் வந்து இருந்தார். ஆறு வருடமாகத் தங்கள் வளவுக்கு வந்துபோகும் மனிதரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த, மோல்டாத் தீவிலிருந்து வந்த பெண் அவரை அரசாங்க அதிகாரி என்று நினைத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

எஞ்சினியர் கூப்பிட்டதும் வாளிக்காரர் எழுந்து நின்றார். சபைத் தலைவர், நீங்கள் அந்தத் தெருவில் எந்த வீடு என்று கேட்டார்.

"ஒரு வீடும் இல்லை. ஆனா பதினாலு வீட்டுக்கும் ஆறு வருஷமாப் போறன். வாளி எடுக்கிறவன்."

மண்டபத்தில் கதிரைகள் அசைந்தன. வாளியின் பாரம் தன் தோளுக்குத் தெரியும் என்று அவர் எண்ணிக்கையைச் சொன்னார்: பதினான்கு வீடு, எழுபத்தொரு பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழே பதினொரு பிள்ளைகள். ஆட்டுப்பண்ணை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே குறுக்கே கேட்டார்: "தோளால எப்பிடி ஆள் எண்ணுறது?"

"நீங்கள் சந்தையில ஆட்டைத் தூக்கிப் பாத்து எத்தினை றாத்தல் எண்டு சொல்லுறேல்லையே? அதே கணக்குத்தான்."

அதற்கு எழுந்த சிரிப்பில் மண்டபம் அவர் பக்கம் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தலைவர் மேசையைத் தட்டி, குழாய் வந்தால் உங்கள் வேலை போகும், அதை யோசித்தீர்களா என்றார்.

"என்ர முதுகிட்டக் கேட்டனான். அது எப்பவோ கை உயர்த்திப்போட்டுது."

அவர் அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒன்று சொல்லவேண்டும் என்றார். "நான் வாற நேரம் எல்லாரும் யன்னலைச் சாத்துவினம். பிழையில்லை, நானெண்டாலும் சாத்துவன். ஆனா ஒரு வீட்டில எனக்கெண்டு ஒரு கிளாஸ் வைச்சிருக்கினம். வேற ஒருத்தரும் அதில குடிக்கிறேல்லை. கேக்காமலே ஒவ்வொரு கிழமையும் நிறைச்சு வைச்சிருக்கும். நான் பிறந்த வீட்டிலகூட எனக்கெண்டு தனிக் கிளாஸ் இருந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதுக்காகத்தான் சூட்டுப் போட்டனான்."

மச்சாளுக்கு அப்போது அவருடைய உச்சரிப்பு முழுக்கப் பிடிபடாது. என் முழங்கையைத் தொட்டு, "என்னவாம்?" என்றார். நான் மெல்லச் சொன்னேன்: "எங்கட வீட்டைத்தான் சொல்லுறார். தனக்கெண்டு கிளாஸ் வைச்சிருக்கிறமாம். அது பெரிய மரியாதையாம்." மச்சாள் என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். அதன் பிறகு, உறுப்பினர்கள் கை உயர்த்தி எங்கள் தெருவை முதற் கட்டத்தில் சேர்த்ததையும், எங்கள் தெருக்காரர் கைதட்டியதையும் அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

காரில் திரும்பும்போது அண்ணர் உற்சாகமாக இருந்தார். பின் சீட்டிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"பிள்ளை, அந்தாள் விளங்காமல் சொன்னவரோ, விளங்கித்தான் சொன்னவரோ?"

"தெரியேல்லை மச்சாள்."

"எப்பிடியோ லிஸ்டில வந்திட்டம். மற்றதை விடும்," என்றார் அண்ணர்.

"உங்களுக்கு லிஸ்ட் காணும்," என்றார் மச்சாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டையில் ஜாம் போத்தல் இல்லை. விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலுமாரியில் ஒரே செற்றாக வைத்திருந்த ஆறு கிளாஸ்களில் ஒன்று அங்கே நின்றது. "இஞ்சரும், அது செற்றெல்லே?" என்று அண்ணர் கேட்டார். "ஓம். அதுதான்," என்றார் மச்சாள். ஆனால் கதவு சாத்துவது நிற்கவில்லை. முன்னர் அருவருப்பில் சாத்திய கதவு, இப்போது வெட்கத்தில் சாத்தப்பட்டது. பூட்ஸ் சத்தம் வரும்போது மச்சாள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் மறுபக்கத்திலிருந்த கிளேட்டனிலிருந்து எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர், மனைவியை நாங்கள் அன்ரி என்போம். அன்ரி யன்னலால் பார்த்துவிட்டு, "நல்ல கிளாஸை ஏன் பிள்ளை வேலியில வைச்சிருக்கிறீர்? காகம் தட்டிப்போடும்," என்றார். "அது வாளிக்காரற்றை," என்றார் மச்சாள். அன்ரி தன் கையில் இருந்த தோடம்பழச் சாற்றைப் பார்த்தார். அதே செற்றின் கிளாஸ். பாதி குடித்திருந்ததை மேசையில் வைத்தார். பிறகு அதைத் தொடவில்லை. அவர்கள் போன பிறகு, இது ஊரெல்லாம் கதையாகப் போகிறது என்று அண்ணர் புலம்பினார். மெல்பேர்னில் அப்போது எங்களுக்கு ஊர் என்று இருந்தது ஒன்பது குடும்பம். மச்சாள் அந்தப் பாதிச் சாற்றைத் தானே எடுத்துக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவினார்.

மருமகனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. டார்னெய்ட்டில் புது வீடு கட்டியிருக்கிறான். சென்ற மாதம் அதைப் பார்க்கக் கூட்டிப்போனான். நாங்கள் இருந்த தெருவிலிருந்து காரில் கால் மணித்தியாலம். அங்கே முதலில் குழாய்கள், பிறகு வீதி, பிறகு விளக்குக் கம்பம், கடைசியில்தான் வீடு. புல்வெளியின் நடுவில், ஆட்கள் வருமுன்பே எல்லாம் நிலத்துக்குள் தயாராகக் கிடக்கிறது. ரயிலில் நெரிசல், வீதி ஒடுக்கம் என்று அவன் ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டு வந்தான். நியாயமான குறைகள்தான். நான் மூடிகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். கழிவுநீர்க் குழாய்க்கு வீட்டுக்கு ஒன்று, ஒரு வீடும் விடுபடவில்லை. இதை எழுதலாமா என்று மச்சாளிடம் கேட்டபோது, "எழுது. ஆற்றை பேரையும் போடாதை. மற்றதில ஒண்டையும் விடாதை," என்றார். விடாமல் எழுதவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

குழாய் போட்டு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கருங்கல்லை வெடி வைத்து உடைத்துத்தான் பள்ளம் தோண்டினார்கள். அந்த ஒரு வருடமும் மச்சாள் பிள்ளையை மண்ணில் விடவில்லை. மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே அவன் இரண்டரை வயதைத் தாண்டினான். ஒரு திங்கட்கிழமை எங்கள் வீடு இணைக்கப்பட்டது, முன்னாலிருந்த கானையும் மண் போட்டு மூடினார்கள். மறுநாள் வாளிக்காரர் கடைசி வாளியை எடுக்க வரவேண்டும். அன்று மச்சாள் கட்டையில் எதையும் வைக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. லொறிச் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து, "வா. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் விடாதை, ஒண்டையும் சேர்க்காதை," என்றார்.

வாளிக்காரர் வாளியைத் தோளில் ஏற்றப் போன இடத்தில் எங்களைக் கண்டு நின்றார். வழக்கம்போல இரண்டு அடி பின்னால் போகப் பார்த்தார். பின்னால் வேலி.

மச்சாள் தமிழில் நேரே அவரைப் பார்த்துப் பேசினார். "முதல் நாள் நீங்கள் குடிச்ச போத்தலை உள்ளுக்கு எடுக்க எனக்கு அருவருப்பா இருந்தது. அதாலதான் வெளியில வைச்சனான். எங்கட ஊரில உங்கட வேலை செய்யிற ஆக்களுக்கு அப்பிடித்தான் குடுக்கிறது. அது மரியாதை இல்லை. விலத்தி வைக்கிறது. நீங்கள் அதை மரியாதை எண்டு சபையில சொல்லித்தான் எங்களுக்கு இது கிடைச்சது. ஒரு வருஷமா எனக்கு அது தொண்டையில நிக்குது. என்ர பிள்ளைக்காகச் செய்தனீங்கள். உங்களுக்கு நான் பொய்யா இருக்கக் கூடாது."

நான் எதையும் நுணுக்கமாகச் செய்கிறவள் என்று பெயர் எடுத்தவள். அந்த நிமிடம் ஒரு வசனத்தில் முடித்துவிட மனம் சொன்னது: நன்றி சொல்கிறார், உள்ளே கூப்பிடாததற்கு வருந்துகிறார் என்று. மச்சாள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். விடாமல் சொன்னேன். விலத்தி வைப்பது என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் அகப்படவில்லை. உங்களைத் தொட்டுவிடாமல் இருப்பதற்காக என்று சொன்னேன்.

அவர் வாளியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"முதல் வருஷம் விளங்கேல்லை," என்றார். "பிறகு விளங்கினது."

"அப்ப ஏன் சபையில அப்படிச் சொன்னீங்கள்?" என்று நானே கேட்டேன்.

"தண்ணி நிறைச்சுத்தானே இருந்தது. ஒரு கிழமை எண்டாலும் வெறுமையா இருந்ததில்லை." பிறகு மச்சாளைப் பார்த்து, மெதுவாக, அவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல் சொல்லாகச் சொன்னார். "நான் குடிச்சிட்டு ஒவ்வொரு கிழமையும் உங்கட பைப்பில கழுவிப்போட்டுத்தான் வைச்சனான். நான் தொட்டதை நீங்கள் கழுவ வேண்டி வரக்கூடாது எண்டு."

வளவுத் தண்ணீர்க் குழாயின் சத்தம் எங்களுக்குக் கேட்டதுதான். கை கழுவுகிறார் என்று நினைத்திருந்தோம். அதை நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. மச்சாள் விளங்கிக்கொண்டார்.

மச்சாள் படியிறங்கிப் போய்க் கையை நீட்டினார். எங்கள் மச்சாள் அதுவரை எந்த ஆணுக்கும் கை கொடுத்ததில்லை, டொக்டருக்குக்கூடக் கும்பிடுதான். வாளிக்காரர் தன் கையுறையைப் பார்த்தார். தடித்த ரப்பர் கையுறை, முழங்கை வரை. "பொறும், லவ், இதைக் கழட்டுறன்," என்று மற்றக் கையால் இழுக்கத் தொடங்கினார். அது இறுகியிருந்தது, வரவில்லை. மச்சாள் பொறுக்கவில்லை. கையுறையோடேயே பிடித்தார். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். லொறியில் இருந்த மற்ற ஆள் ஹோர்ன் அடித்தான். வாளிக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "பொறடா!" என்று கத்தினார்.

லொறி போன பிறகு மச்சாள் குசினிக்குள் வந்து, சவர்க்காரம் போட்டு, வாய்க்குள் இருபது வரை எண்ணிக் கை கழுவினார். கிருமிக்காக மட்டும், டொக்டர் சொன்னபடி. ஈரத்தைத் துடைத்துவிட்டு, அறையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, முன்கதவைத் திறந்து, அவனை முற்றத்தில் இறக்கிவிட்டார்.